நடுத்தர விலைக் கணினி கேஸ், மலைநாட்டு வீட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை ஃபேனோடு வரும் மெல்லிய தகரப் பெட்டிக்கும், மூன்று பக்கம் கண்ணாடி போட்ட ஆடம்பரக் கேஸுக்கும் நடுவில் உள்ளவற்றைத்தான் இங்கே நடுத்தர விலைக் கேஸ் (கணினியின் பாகங்களைப் பூட்டும் பெட்டி) என்கிறோம். இரண்டு முதல் நான்கு ஃபேன், ஒரு பக்கக் கண்ணாடி, கழற்றக்கூடிய தூசி ஃபில்டர் இருக்கும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, கண்டிப் பக்கம் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

நம்ம ஊரே குளிர். பிறகு எதற்கு கேஸில் காற்றோட்டம் பார்க்க வேண்டும்?

பார்க்கத்தான் வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம். சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில். கொழும்பில் ஓர் அறை 30 பாகையில் இருந்தால், இங்கே அதே கணினிக்கு 14 பாகை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கொழும்பில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ என்றால், நுவரெலியாவில் சுமார் 0.97 கிலோ. ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒரே கனஅளவுதான் தள்ளும். தள்ளப்படும் காற்றின் எடை குறைவு என்பதால் அது சுமந்துபோகும் சூடும் குறைவு.

350 வாட்ஸ் சூடு தரும் ஒரு கேமிங் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் வழியாக நிமிடத்துக்கு 1.4 கனமீட்டர் காற்று போனால், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கொழும்பில் 13 பாகை, நுவரெலியாவில் 15 பாகை. மெலிந்த காற்றால் இழப்பது இரண்டு மூன்று பாகைதான். குளிரால் வரும் இலாபம் 14 பாகை. ஆக மலை நமக்குச் சாதகம்.

இப்போது அதே கணினியை முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேஸில் போடுங்கள். காற்று பாதியாகக் குறைந்தால் அந்த 15 பாகை 30 ஆகிவிடும். மலை சும்மா கொடுத்ததை ஒரு கண்ணாடித் தகடு விழுங்கிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு, கொழும்பில் நல்ல கேஸில் இருக்கும் கார்டைப் போலவே கொதிக்கும், ஃபேன்களும் அதே மாதிரி இரையும். குளிரான ஊரில் இருந்துகொண்டு அந்தக் குளிரைப் பெட்டிக்குள் விடாமல் காசு கொடுத்து அடைப்பது மனதுக்குப் பொறுக்காத வீண்.

இன்னொன்று. மலைநாடு முழுக்க ஒரே குளிர் இல்லை. ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1,200 மீட்டர் சொச்சம். பதுளை 700 மீட்டருக்குள், கண்டி 500 மீட்டர் அளவில். மார்ச், ஏப்ரல் பகலில் கண்டியில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறை 30 பாகையைத் தாண்டும். அங்கே இருப்பவர்கள் கொழும்புக்காரர் மாதிரியே யோசித்து வாங்க வேண்டும்.

கடையில் நின்று, கரண்ட் போடாமலே, காற்றுப் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஃபோன் டார்ச். பக்கக் கண்ணாடியைத் திறந்து, டார்ச்சை உள்ளே முன் ஃபேனுக்குப் பின்னால் பிடித்து, வெளியே நின்று முன் முகத்தைப் பாருங்கள். நல்ல வலையில் அரிசி மாவுச் சல்லடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாக முகம் முழுக்க வெளிச்சம் வரும், எதிரே நிற்பவர் சட்டையிலும் விழும். ஓரத்தில் மட்டும் ஒரு கோடாகக் கசிந்தால் அது அடைத்த முகம். சில கேஸில் வெளியே வலை இருக்கும், உள்ளே ஸ்பொஞ், அதற்குப் பின்னால் நைலோன் துணி. பார்வைக்கு வலைக் கேஸ். வெளிச்சம் வராது, காற்றும் வராது.

இரண்டாவது அளவுகோல். 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் வாயிலிருந்து நடுமொட்டைக் கழித்தால் காற்றுப் போகும் இடம் ஏறக்குறைய 90 சதுர செ.மீ. மூன்று ஃபேன் என்றால் 270. கண்ணாடி முகக் கேஸில் இரண்டு ஓரத்திலும் ஒரு செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் இடைவெளி இருந்தால் மொத்தம் 80. மூன்று ஃபேனுக்கு ஒரு ஃபேனின் வாய்கூட இல்லை. முகத்துக்கும் ஃபேனுக்கும் இடையில் விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள். இரண்டு செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், இடுக்கில் நுழையும் காற்று திரும்பி ஃபேனுக்குள் போக இடமில்லை.

எத்தனை ஃபேன் போதும்?

மூன்று. முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஒரு 65 வாட்ஸ் புரொசசர், 200 வாட்ஸ் சுற்றிய கிராபிக்ஸ் கார்டு என்றால் மலைநாட்டில் இதற்குமேல் தேவை வருவது அரிது. நான்காவது ஃபேன் தரும் இலாபம் ஒன்றிரண்டு பாகை.

முன் ஃபேனில் ஒன்றாவது கிராபிக்ஸ் கார்டின் உயரத்துக்கு நேரே இருக்க வேண்டும். கூடவே வரும் ஃபேன்களைக் கடைகளில் மேலே தெரிகிற இடத்தில் மாட்டிவிடுவார்கள். கார்டு கீழே காய்ந்துகொண்டிருக்கும். ஒரு வரிசை கீழே இறக்கி மாட்டுவது பத்து நிமிட வேலை.

மேல்மூடியின் முன்பாதியில் வெளியே தள்ளும் ஃபேன் போடாதீர்கள். முன்னால் நுழைந்த குளிர் காற்றை, புரொசசருக்குப் போகுமுன்பே அது மேலே பிடுங்கிவிடும். மேலே போடுவதானால் பின்பாதியில் போடுங்கள்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். குறுக்குக் கம்பிகளும் நடுவில் ஸ்டிக்கரும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

"ஆறு ஃபேன் ஃப்ரீ" என்று வரும் கேஸ் இலாபமா?

ஃபேனின் எண்ணிக்கையைப் பார்க்காமல் அதன் வயர் நுனியைப் பாருங்கள். நான்கு முனை என்றால் மதர்போர்ட் அதன் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும். மூன்று முனையும் பரவாயில்லை, மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கலாம். பெரிய நான்கு முனை மொலெக்ஸ் பிளக் மட்டும் இருந்தால் அது பவர் சப்ளையில் நேரே சொருகுவது. எப்போதும் முழு வேகம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, வெளியே வண்டுச் சத்தம் தவிர ஒன்றுமில்லாத தோட்டத்து வீட்டில் அந்த இரைச்சல் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நகரத்துக் கடையில் அது காதில் விழாது.

பல ஃபேன்களை மதர்போர்டின் ஒரே ஃபேன் சொக்கெட்டில் கோர்ப்பவர்கள் ஸ்டிக்கரில் உள்ள அம்பியரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான போர்ட்களில் அப்படி ஒரு சொக்கெட் 1 அம்பியர் தாங்கும். ஒரு ஃபேன் 0.25 என்றால் மூன்றோடு நிறுத்துவது நல்லது.

வண்ண விளக்கு வயரில் கவனம். மூன்று முனை 5 வோல்ட், நான்கு முனை 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இடத்தில் வலிந்து சொருகினால் விளக்கு அந்த நிமிடமே எரிந்துபோகும். வயரைத் திருப்பிப் பிடித்து அழுத்தும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது.

வாங்கிய கேஸை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

ஒரு சுவர் வெப்பமானி, வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி இலவச மென்பொருள், ஒன்றரை மணி நேரம் போதும்.

வெப்பமானியைக் கேஸின் முன்பக்கம், ஓர் அடி தள்ளி வையுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) கேஸ் ஃபேன்களை ஒரே வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்றில், ஓடும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சோதனையே பாழ்: சூடு ஏற ஏற ஃபேன் வேகம் கூடி, கேஸின் குறையை மறைத்துவிடும். பிறகு புரொசசருக்கு வேலை கொடுக்கும் சினிபெஞ்சும் கார்டுக்கு வேலை கொடுக்கும் ஃபர்மார்க்கும் சேர்த்து 30 நிமிடம் ஓடவிட்டு, புரொசசர், கிராபிக்ஸ் கார்டு வெப்பநிலை இரண்டையும், கார்டின் ஃபேன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை நிறுத்தாமல் முன் முகத்தைக் கழற்றி 15 நிமிடம் விட்டு மறுபடி குறியுங்கள். முகத்தைப் போட்டுவிட்டுப் பக்கக் கண்ணாடியைத் திறந்து இன்னொரு 15 நிமிடம்.

முன் முகத்தைக் கழற்றியதும் இறங்கியது மூன்று பாகைக்குள் என்றால் முகம் நல்ல முகம். நாலிலிருந்து ஆறு என்றால் ஃபில்டரைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். ஏழுக்குமேல் இறங்கினால் அந்த முகம் கழுத்தை நெரிக்கிறது. முகத்தைக் கழற்றியபோது அசையாமல், பக்கத்தைத் திறந்தபோது மட்டும் நன்றாக இறங்கினால் குறை முகத்தில் இல்லை. ஃபேன் போதவில்லை, அல்லது ஏதோ ஒன்று தலைகீழாக ஊதுகிறது.

ரைசன் 7000 வரிசையில் பெயர் எக்ஸ் எழுத்தில் முடியும் புரொசசர்கள் முழு வேலையில் 95 பாகை வரை போகவே வடிவமைக்கப்பட்டவை. எவ்வளவு நல்ல கேஸிலும் அந்த எண் அசையாமல் நிற்கலாம். அவற்றுக்கு வெப்பநிலையை விட்டுவிட்டு, எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். காற்று கூடினால் அந்த எண் கூடும்.

வெளிநாட்டு விமர்சனத்தில் 68 பாகை என்கிறார்கள். ஹட்டனில் எவ்வளவு வரும்?

அவர்கள் அறை வெப்பநிலையைக் கழித்து, மிச்சத்தோடு உங்கள் அறையைக் கூட்டுங்கள். அறை 22, கார்டு 68 என்றால் மிச்சம் 46. ஹட்டனில் 19 பாகை அறையில் 65, உயரத்துக்காக ஒன்றிரண்டு சேர்த்து 67 என்று வையுங்கள். அறை வெப்பநிலை சொல்லாத விமர்சனத்தின் எண்ணை நம்பி காசு கொடுக்க வேண்டாம்.

மூடுபனி அறைக்குள்ளேயே வருகிறது. வலைக் கேஸ் என்றால் உள்ளே ஈரம் பிடிக்காதா?

ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் பனி படியாது. உள்ளே உள்ள எல்லாம் அறையைவிடச் சூடாக இருப்பதே காரணம். ஆபத்து, நிறுத்தி வைத்த கணினிக்கு. இரவு முழுக்கக் குளிர்ந்து உலோகம் 10 பாகையில் இருக்கிறது. காலையில் அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, அறை 18 பாகையும் 80 சதவீத ஈரமும் ஆகிறது. அந்தக் காற்று 14 பாகை சொச்சத்திலேயே நீராகும். குளிர்ந்த தகரத்தில் படியத்தான் செய்யும். சமையலும் படுக்கையும் ஒரே கூரைக்குக் கீழே உள்ள லயத்து வீடுகளில் இது ஜனவரி, பெப்ரவரி விடியலில் நடப்பது. காலையில் எழுந்தவுடன் பட்டனை அமுக்காமல், அறை சூடேறி ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். பக்கக் கண்ணாடியின் உள்புறத்தில் விரலால் கோடு கிழித்துப் பாருங்கள். கோடு விழுந்தால் இன்னும் காயவில்லை.

பஸ்ஸில் குளிர்ந்து வந்த பார்சலையும் உடனே பிரிக்க வேண்டாம். பொலித்தீனோடு இரண்டு மணி நேரம் அறையில் வைத்தால் ஈரம் வெளியே உள்ள பொலித்தீனில் படியும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு வைப்பவர்கள் உண்டு. காற்று திறந்தபடி போய்வரும் பெட்டியில் அது சில நாளிலேயே நிறைந்து, வெறும் கல்லாகக் கிடக்கும். தினம் அரை மணி நேரம் கணினியை ஓட விடுவது அதைவிட நல்ல மருந்து. ஊருக்குப் போகும்போது பொலித்தீனால் மூடாமல் பருத்தித் துணியால் மூடுங்கள்.

துரு எங்கே தொடங்கும் தெரியுமா? பெயின்ட் இல்லாத வெட்டு விளிம்பில். பின்பக்கக் கார்டு இடங்களின் தகடுகள் சில கேஸில் முறித்து எடுக்கும் வகை; முறித்த இடம் வெறும் தகரம், ஒரு மழைக்காலத்தில் செம்மண் நிறம் பிடிக்கும். ஸ்க்ரூவால் மாட்டிக் கழற்றும் தகடு உள்ள கேஸே நமக்கு ஏற்றது. சிமெண்டுத் தரையில் வைக்காமல், பத்து செ.மீ. உயரப் பலகையில் வையுங்கள்.

தூசி ஃபில்டர் விஷயத்தில் எதைப் பார்ப்பது?

ஊருக்கு ஊர் தூசி வேறு. தேயிலை ஃபெக்டரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் ஃபில்டரில் சலிப்பின்போது பறக்கும் பழுப்புப் பஞ்சு ஒரு கம்பளி மாதிரி படியும். உலர்ந்தது, தட்டினால் கழன்றுவிடும். விறகடுப்புப் புகை வரும் வீட்டில் படிவது வேறு விதம். கறுப்பு, பிசுபிசுப்பு, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். இதை ஊதி எடுக்க முடியாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்க்க வேண்டும்.

ஆகவே ஃபில்டர் கழன்று வர வேண்டும், கழுவினால் கிழியாத நைலோன் வலையாக இருக்க வேண்டும். பவர் சப்ளைக்குக் கீழே உள்ள ஃபில்டர் பின்பக்கமாக உருவும் வகையா என்று கடையிலேயே உருவிப் பாருங்கள். சுவரோடு ஒட்டி வைத்த கேஸைத் தூக்கித் திருப்பித்தான் அதை எடுக்க முடியும் என்றால் வருடத்தில் ஒரு முறைகூட எடுக்கமாட்டோம். பக்கவாட்டில் அல்லது முன்னால் உருவும் வகையைத் தேடுங்கள்.

விறகடுப்பு வீட்டில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மற்ற வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை உலர்ந்த காற்று அடிக்கும் நாளில் இன்னும் அடிக்கடி. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழையில் கழுவிய ஃபில்டர் காய ஒரு முழு நாள் ஆகும், ஈரத்தோடு மாட்டாதீர்கள். புளோவரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பெயரிங் கெடும்.

வாட்டர் கூலர் போட இடமுள்ள கேஸ்தான் வாங்க வேண்டுமா?

65 வாட்ஸ் புரொசசருக்குத் தேவையே இல்லை. 120 வாட்ஸ் வரை ஒரு நல்ல டவர் கூலர் (புரொசசர்மேல் கோபுரம் மாதிரி நிற்கும், ஃபேன் வைத்த கூலர்) மலைநாட்டில் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும். அந்தக் காசைக் கேஸிலோ பவர் சப்ளையிலோ போடுங்கள்.

அளவு விஷயத்தில் எங்கே ஏமாறுவார்கள்?

மூன்று இடத்தில். கிராபிக்ஸ் கார்டு நீளம்: பெட்டியில் 330 மி.மீ. என்று போட்டிருந்தால் அது முன் ஃபேன் இல்லாத கணக்கா என்று கேளுங்கள். ஃபேன் 25 மி.மீ. தின்னும், வாட்டர் கூலரின் ரேடியேட்டரும் சேர்ந்தால் 52. கூலர் உயரம்: பிரபலமான டவர் கூலர்கள் 155 முதல் 165 மி.மீ.; கேஸ் 165க்குக் கீழே என்றால் அளந்துவிட்டு வாங்குங்கள். மதர்போர்டுக்குப் பின்னால் வயர் போகும் இடம்: 20 மி.மீ. இல்லையென்றால் பின்மூடி வீங்கி நிற்கும், ஸ்க்ரூ பிடிக்காது.

கேஸைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. கேஸ் பழுதா?

கேஸ் பழுதில்லை, எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறு கபாசிட்டர்கள் இரைச்சலை வடித்து எர்த்துக்கு அனுப்ப வேண்டியவை. எர்த் இல்லாத பழைய வயரிங்கில் அது போக வழியின்றி, 230 வோல்ட்டின் பாதி அளவு மின்னழுத்தம் கேஸின் தகரத்தில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் சுர்ரென்ற உணர்வோடு முடிகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே உண்மையான ஒழுக்கு ஏற்பட்டால் அதுவும் அதே தகரத்துக்குத்தான் வரும். இரண்டு முனை அடாப்டரை விட்டுவிட்டு, எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஒத்திப்போடவே வேண்டாம்.

இரண்டு மூன்று கேஸ்களின் விலையை எப்படி ஒப்பிடுவது?

கேஸின் விலையிலிருந்து கூட வரும் ஃபேனின் விலையைக் கழியுங்கள். மிச்சம் எலும்புக்கூட்டின் விலை. கணக்குக்காக, தனி ஃபேன் ஒன்று 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 16,000 ரூபாக் கேஸில் பின் ஃபேன் மட்டும்: முன்னால் இரண்டு சேர்த்தால் 20,000. 21,000 ரூபாக் கேஸில் நான்கு முனை ஃபேன் மூன்றும், ஃபேன் வயர்களை ஒன்றாகச் சேர்க்கும் ஹப்பும்: இரண்டாவதே மேல். 24,000 ரூபாவுக்குக் கண்ணாடி முகமும் ஆறு மொலெக்ஸ் ஃபேனும் என்றால், அந்த ஃபேன்களுக்கு நாம் தனியாக 2,000 கொடுப்போமா? கொடுக்கமாட்டோம். அதனால் கழிக்கவும் கூடாது.

ஃபேனை நாளை மாற்றலாம். முன் வலை, தகரத்தின் தடிப்பு, உள் அமைப்பு ஆகியவற்றை மாற்ற முடியாது, அதனால் காசை அங்கே போடுங்கள். பின்மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள்; டின் மூடி மாதிரி டக்கென்று உள்வாங்கினால் 0.5 மி.மீ. அளவுத் தகரம். அது ஃபேனோடு சேர்ந்து அதிரும்.

ஒரே எலும்புக்கூடு, வெவ்வேறு முகம் என்பதற்குக் கோர்செயரின் 4000 வரிசை நல்ல உதாரணம். 4000டி ஏர்ஃப்ளோவுக்கு ஓட்டைபோட்ட உலோக முகம், இரண்டு 120 மி.மீ. ஃபேன். 4000எக்ஸுக்குக் கண்ணாடி முகம், மூன்று வண்ண ஃபேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மலைநாட்டு வீட்டுக்கு முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வோம், விலை ஒன்றாகவே இருந்தாலும்.

கொழும்பில் வாங்கி மேலே கொண்டுவருவது எப்படி?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி, அங்கேயே பூட்டி, பஸ்ஸில் ஏற்றுபவர்கள் பலர். பூட்டிய கணினியானால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் எடுங்கள். கினிகத்தேனை வளைவுகளிலும் றம்பொடை ஏற்றத்திலும் ஒரு கிலோ கார்டு ஆடி ஆடி மதர்போர்டின் சொக்கெட்டைப் பிய்த்துவிடும். கனத்த டவர் கூலர் இருந்தால் மதர்போர்ட் கீழே படுத்திருக்க, கூலர் நிமிர்ந்து நிற்கும்படி கேஸைச் சாய்த்து வையுங்கள். பக்கக் கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையில் வைத்திருப்பது நல்லது. அந்தக் கண்ணாடியின் தட்டையான பரப்பில் குத்தினால் தாங்கும், மூலை தரையில் பட்டால் பொடிப்பொடியாகும். அதனால் சிமெண்டிலோ டைலிலோ விளிம்பை ஊன்றி வைக்கவே கூடாது.

ஏற்கெனவே கண்ணாடி முகக் கேஸ் வாங்கியாகிவிட்டது. ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், செலவும் அதிகமில்லை. முன் முகம் கொக்கியில் மாட்டும் வகையானால் கீழே பிடித்து இழுத்துக் கழற்றுங்கள். கழன்ற இடத்தில், ஹார்ட்வெயார் கடையில் ஜன்னலுக்கு விற்கும் நைலோன் கொசுவலையை வெட்டி, ஓரம் முழுக்கக் காந்தப் பட்டி ஒட்டிப் பொருத்துங்கள். பட்டன், யூஎஸ்பி வயர்கள் முகத்திலேயே இருந்தால் முழுதாகக் கழற்ற முடியாது; அப்போது கொக்கிகளின் அடியில் 10 மி.மீ. ரப்பர் துண்டு வைத்து, நீளமான ஸ்க்ரூவால் முகத்தை முன்னே தள்ளிப் பிடியுங்கள். இரண்டு ஓர இடைவெளியும் ஒரு செ.மீ.இலிருந்து இரண்டாகும், 80 சதுர செ.மீ. 160 ஆகும். மேலே சொன்ன சோதனையை முன்னும் பின்னும் செய்து, இறங்கிய பாகையைக் குறித்து வையுங்கள். ஐந்துக்குமேல் இறங்கியிருந்தால் புதுக் கேஸுக்கான காசு பையிலேயே இருக்கட்டும்.